விரல் கற்ற உட்செல் நரம்பு

நரம்பைத் தொட்டுச் சோதிக்கும் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், தொழுநோய்ப் பிரிவில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் பயிற்சி எடுத்தவர். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பக்கத்து ஊர்களையெல்லாம் சைக்கிளில் சுற்றி அளந்தவர். நான் இயன்முறை மருத்துவம் படித்து முடித்து, கல்வராயன் மலையில் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி தரும் வேலையில் சேர்ந்திருந்தேன். "கைக்குப் பழக்கம் வரணும்னா அவர்கிட்டப் போம்மா" என்று மூத்த செவிலியர் ஒருவர் சொன்னார். போனேன். அவரை நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன். இன்று என் விரல்களுக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு அவர் கொடுத்தது.

ஐயா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: "நரம்பைப் பாக்கணும்ன்னு வந்திருக்க. எந்த நரம்பும்மா? உள்ள போறதா, வெளிய வர்றதா?"

கல்லூரியில் படித்த இரண்டு சொற்களும் நாக்கு நுனியில் நின்றன: அஃபரென்ட், எஃபரென்ட். எது உள்ளே போவது, எது வெளியே வருவது என்று சொல்லத் தெரியாமல் விழித்தேன். முதல் எழுத்தின் ஓசை மட்டுமே வேறுபடும் அந்த ஜோடிச் சொற்களைத் தேர்வுக்காக ஒரு சுருக்கெழுத்தை வைத்து மனப்பாடம் செய்திருந்தேன். தேர்வு முடிந்ததும் சுருக்கெழுத்து மறந்தது. அதோடு சொற்களின் திசையும் போய்விட்டது.

ஐயா கோபப்படவில்லை. சொல்லைப் பிரித்துக் காட்டினார். லத்தீனில் 'ஃபெர்ரே' என்றால் சுமத்தல், எடுத்துச் செல்லுதல். 'ஆட்' என்றால் ஒன்றை நோக்கி. இரண்டும் சேரும்போது 'ட்' ஓசை அடுத்து வரும் 'ஃப்' ஓசையோடு கரைந்துபோக, 'அஃபெரென்ஸ்' பிறந்தது: நோக்கிச் சுமப்பது. 'எக்ஸ்' என்றால் வெளியே. அதுவும் அதே மாதிரி கரைந்து 'எஃபெரென்ஸ்' ஆனது: வெளியே சுமப்பது. "ரெண்டும் சுமக்கிறதுதான். அதனாலதான் ஒரே மாதிரி காதுல விழுது. எந்தப் பக்கம் சுமக்குதுன்னு மட்டும் பாரு" என்றார்.

நம் பள்ளிப் பாடநூல்கள் இவற்றை உட்செல், வெளிச்செல் என்கின்றன. உணர்ச்சி நரம்பு, இயக்க நரம்பு என்பதும் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் உட்காவும், வெளிக்காவும் என்று எழுதுவார்கள். காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவடியின் உறவுச் சொல் அது. லத்தீன்காரர் சொல்லில் வைத்த சுமையை இலங்கைத் தமிழ் கீழே போடாமல் அப்படியே வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த மண்ணில் இதற்கு நீண்ட மரபும் இருக்கிறது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் மாணவர்களைச் சேர்த்து, பின்னாளில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே நடத்தினார். உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' என்று பெயர் வைத்து, 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெரிய நூலையும் கொண்டுவந்தார். தமிழில் நரம்பைக் கற்கலாம் என்பதை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நடத்திக் காட்டிவிட்டார்கள் என்று அறிந்த நாளில் எனக்குத் துணிவு வந்தது.

சொல் தெளிந்தாலும் அதைப் புழங்கும் இடம் தெளிய இன்னும் கொஞ்சம் காலம் ஆனது. உட்செல் என்ற சொல் நரம்புக்கு மட்டும் சொந்தமானதல்ல. சிறுநீரக வடிமுடிச்சுக்குள் ரத்தத்தைக் கொண்டுபோகும் நுண்தமனிக்கும் இதே பெயர். நிணநீர்க் கணுவுக்குள் நுழையும் நாளத்துக்கும் இதே பெயர். ஆகவே 'எதை நோக்கி' என்று கேட்காமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவே கூடாது என்பது ஐயாவின் விதி. நரம்பு என்று வரும்போது அந்த 'எதை' என்பது மூளையும் தண்டுவடமும். தோல், தசை, மூட்டு, குடல் என்று எங்கிருந்து கிளம்பினாலும் அந்த இரண்டை நோக்கிச் சேதி கொண்டுபோனால் அது உட்செல்.

இன்னொன்றும் சொன்னார். கையிலும் காலிலும் நாம் தொட்டுப் பார்க்கும் பெரிய நரம்புகள் எல்லாமே கலப்பு. ஒரே நரம்புக்குள் உள்ளே போகும் இழைகளும் வெளியே வரும் இழைகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. தண்டுவடத்தை நெருங்கும் இடத்தில்தான் அவை பிரிகின்றன: பின்வேர் வழியாக உட்செல், முன்வேர் வழியாக வெளிச்செல். ஸ்காட்லாந்தின் சார்ல்ஸ் பெல் 1811-இல் இந்த வேர்களை ஆராய்ந்து எழுதினார். பிரான்சின் ஃபிரான்சுவா மஜாந்தி 1822-இல் நாய்க்குட்டிகளில் வேர்களைத் தனித்தனியே வெட்டிப் பார்த்து, பின்வேர் போனால் உணர்ச்சி போகிறது, முன்வேர் போனால் அசைவு போகிறது என்று காட்டினார். இருவர் பெயரிலும் அது ஒரு விதியாக நிற்கிறது. "புத்தகத்துல பிரிச்சுக் காட்டுவாங்க. கையில கிடைக்கிறப்ப சேர்ந்துதான் கிடைக்கும். ஒண்ணை ஒண்ணோட குழப்பாம சோதிக்கிறதுதான் நம்ம வேலை" என்றார் ஐயா.

அடுத்தது கை. நரம்பைத் தொட்டுணர்வதில் தொடங்கினோம். முழங்கையின் உட்புறத்தில் ஓர் எலும்பு முண்டு இருக்கும். அதற்கும் முழங்கை நுனிக்கும் நடுவே ஒரு பள்ளம். அங்கே எதிலாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீரென்று ஷாக் அடிக்கும். அந்தப் பள்ளத்தில் ஓடுவது அல்நார் நரம்பு. தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ந்த பகுதிகளை விரும்பும். தோலுக்கு மிக அருகே ஓடும் நரம்புகள்தான் அதன் இலக்கு. அதனால் இந்தப் பள்ளமும், முழங்காலுக்கு வெளிப்பக்கம் கீழே உள்ள எலும்புத் தலையும், உள் கணுக்காலின் பின்புறமும் ஒவ்வொருவரிடமும் நாங்கள் தொட்டே ஆகவேண்டிய இடங்கள்.

எனக்கு நரம்பு கிடைக்கவே இல்லை. பின்கைத் தசைநாணைப் பிடித்துக்கொண்டு நரம்பு என்பேன். எலும்பின் விளிம்பை வருடிவிட்டுத் தடித்திருக்கிறது என்பேன். பிடிபடாத எரிச்சலில் விரல் நுனியால் அழுத்துவேன். எதிரே இருப்பவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். ஐயா ஒவ்வொரு முறையும் என் விரல்களை எடுத்து விலக்கிவிட்டு முதலிலிருந்து வைக்கச் சொல்வார். நோயாளியின் முழங்கையைப் பாதி மடக்கி, அவர் கையின் பாரம் முழுவதையும் நம் இடதுகையில் வாங்கிக்கொள்ள வேண்டும். தசை இறுகியிருந்தால் எதுவும் தெரியாது. விரல் நுனியை விட்டு, விரலின் சதைப்பகுதியை மட்டும் பள்ளத்தில் வைக்க வேண்டும். நீளவாக்கில் தடவாமல் குறுக்கே மெல்ல உருட்ட வேண்டும். அப்படி உருட்டும்போது விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று வழுக்கி அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரும். தசைநாண் அப்படி வழுக்காது.

"கையைப் பாக்காத, முகத்தைப் பாரு. கையை விரல் பாத்துக்கும்" என்பார். நரம்பில் வீக்கம் இருந்தால், தொட்ட கணத்தில் புருவம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை நான் பலமுறை தவறவிட்டேன், கண் முழங்கையிலேயே இருந்ததால். அம்மா, தம்பி, பக்கத்து வீட்டு அக்கா என்று கிடைத்த முழங்கைகளையெல்லாம் தேடிப் பழகினேன். பிறகு ஒருநாள் மருந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு நோயாளியின் இரண்டு முழங்கைகளையும் மாற்றி மாற்றித் தொட்டபோது, இடப்பக்கம் வழக்கமாக வழுக்கிப் போனது. வலப்பக்கம் ஒரு சணல் கயிறு கிடப்பதுபோல் திரண்டு நின்றது. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று ஐயா ஏன் ஓயாமல் சொன்னார் என்று அப்போது விளங்கியது.

முழங்கையில் இடித்தால் சுண்டுவிரலில் ஷாக் அடிப்பது ஏன் என்று அவர் கேட்டதும் அந்த நாட்களில்தான். இடி பட்டது முழங்கையில். விரலில் ஒன்றும் படவில்லை. யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். உள்ளே போகும் இழை எங்கே தொடங்குகிறதோ அந்த இடத்தின் பெயரில்தான் மூளை சேதியை வாங்கிக்கொள்கிறது. நடுவழியில் தட்டினாலும் சுண்டுவிரல் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே வழி கெட்டால் புறப்பட்ட இடம் நன்றாக இருந்தும் அங்கிருந்து ஒரு சேதியும் போய்ச் சேராது. புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தது என் முழங்கையிலேயே இருந்தது.

அடுத்தது உணர்ச்சிச் சோதனை. இதில் நான் அதிக காலம் தடுமாறினேன். கருவி எளிமையானது: கைப்பிடியில் பொருத்திய நைலான் இழை. குறிப்பிட்ட கனமுள்ள இழை குறிப்பிட்ட அழுத்தத்தில் வளையும். கைக்கு 2 கிராம், பாதத்துக்கு 10 கிராம் என்று தொழுநோய்ப் பணியில் வைத்திருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் அதே 10 கிராம் இழைதான். தோலுக்குச் செங்குத்தாக வைத்து, அது வில்லாக வளையும்வரை அழுத்தி, ஒரு நொடி நிறுத்தி, எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவில் ஆயிரம் இருந்தது. இழை வழுக்கித் தோலில் இழுபட்டால் நோயாளி இழுபட்டதை உணர்வார், தொட்டதை அல்ல. சட்டென்று குத்தினால் அழுத்தம் எகிறிவிடும். காய்ப்பில் வைத்தால் நல்ல நரம்பும் பதில் சொல்லாது. மலையில் செருப்பில்லாமல் மரவள்ளிக் காட்டிலும் சாமைக் கொல்லையிலும் நடந்த பாதங்களில் காய்ப்பில்லாத இடத்தைத் தேடுவதே ஒரு வேலை. எல்லாம் சரியாக வந்தபோது என் கை ஒரு தாளத்தில் விழுந்துவிட்டது: தொடு, விடு, தொடு, விடு. நோயாளி அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, நேரம் பார்த்து 'ம்' கொட்டுவார். நான் தாளில் சரி போட்டுக்கொண்டே போவேன்.

கரியாலூர்ப் பக்கத்தில் ஒரு ஆயாவின் பாதத்தை நான் சோதித்துக்கொண்டிருந்தபோது ஐயா அருகே உட்கார்ந்திருந்தார். முதலில் ஆயா கையைத்தான் நீட்டினார். நரம்பு பார்க்கணும் என்றால் ஊசி என்றுதான் அங்கே அர்த்தம். ரத்தக்குழாயில் போடும் ஊசியை நரம்பு ஊசி என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். விளக்கிச் சொல்லிப் பாதத்துக்கு வந்தேன். ஒவ்வொரு முறை தொட்டதும் "தெரியுதா ஆயா?" என்றேன். "தெரியுது கண்ணு" என்றார். ஐயா இழையை என் கையிலிருந்து வாங்கி, பாதத்துக்கு மேலே காற்றில் பிடித்தபடி, "தெரியுதா ஆயா?" என்று அதே குரலில் கேட்டார். "தெரியுதுய்யா" என்றார் ஆயா.

திரும்பி வரும்போது ஐயா சொன்னார்: "ஆயா பொய் சொல்லல. படிச்ச பொண்ணு கேக்குது, மனசு நோகக் கூடாதுன்னு ஆமான்னுச்சு. நீ கேட்ட கேள்வியிலயே பதில் இருந்துச்சும்மா. கேக்காத. தொடு. தொட்ட இடத்தை அவங்க விரலால காட்டச் சொல்லு."

அதற்குப் பிறகு சோதனையை அடியிலிருந்து மாற்றிக் கற்றேன். முதலில் நோயாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முன்கையில் தொட்டு, இதுதான் நடக்கப்போகிறது என்று காட்ட வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லிவிட்டு வாய் பேசாமல் தொட வேண்டும். ஒரு தொடலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் வைக்க வேண்டும். நடுநடுவே தொடாமலும் இருக்க வேண்டும். எனக்கு மிகவும் கடினமாக இருந்தது அந்த மௌனம். பதில் வராதபோது, சரியாக வைக்கவில்லையோ என்று கை தானாக இன்னும் கொஞ்சம் அழுத்தும். அந்தக் கொஞ்சத்தில்தான் நோய் ஒளிந்துகொள்ளும் என்று ஐயா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவார்.

வெளிச்செல் இழைகளைச் சோதிப்பது இவ்வளவு சிரமமில்லை. சுண்டுவிரலை விரித்துப் பிடிக்கச் சொல்லி, நம் விரலால் எதிரே தள்ளினால், பலம், பலவீனம், செயலிழப்பு என்று நம் கண்ணுக்கே தெரிந்துவிடும். உள்ளே போகும் சேதி நம் கண்ணுக்குத் தெரியாது. அது போய்ச் சேர்ந்ததா என்று அதை வாங்கிக்கொண்டவர் மட்டுமே சொல்ல முடியும். என் கை பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதியைச் செய்பவர் நோயாளி. அவர் மன இறுக்கம் தளர்ந்து, பயமில்லாமல், உள்ளதை உள்ளபடி சொல்லும்படி நடந்துகொள்வதும் இந்தத் தொழிலில் அடக்கம். உட்செல் என்ற சொல்லிலிருந்து நான் பெற்ற பெரிய பாடம் இதுதான்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸில் ஐயா பால் பிராண்டைப் பற்றிச் சொல்வார். நமக்குப் பக்கத்துக் கொல்லிமலையில் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர் அவர். 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் கிருமியால் தானாக அழுகி விழுவதாக அன்று நம்பினார்கள். அப்படியில்லை, வலி தெரியாத கையில் படும் சூடும் வெட்டும், வலி தெரியாத காலில் ஏறும் முள்ளும்தான் அவற்றைத் தின்கின்றன என்று அவரும் அவருடைய கூட்டாளிகளும் நிறுவினார்கள். உள்ளே போகும் சேதி நின்றதன் விளைவு அது. அவருடைய தாய் எவலின் பிராண்ட், ஓய்வுபெறும் வயதில் மலைக்குத் திரும்பி, கொல்லிமலையிலும் இந்தக் கல்வராயன் மலையிலும் முதிர்ந்த வயதுவரை ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்தார். 1974-இல், 95 வயதில் காலமானார். நாங்கள் ஏறிப்போகும் மலையில் எங்களுக்கு முன்பே ஒருவர் நடந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய பலம்.

சேராப்பட்டுப் பக்கத்தில், பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள ஒருவரிடம் கை எனக்கு முழுமையாகக் கூடிவந்தது. கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில் ஏறிய முள்ளோடு அவர் சில நாட்கள் நடந்திருக்கிறார். செருப்பில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. சர்க்கரை நோய் மிக நீளமான இழைகளை முதலில் கெடுக்கும். அதனால் கால்விரல்களில்தான் தொடங்கும். கண்ணை மூடிப் படுத்திருந்தார். கணுக்காலுக்கு மேலே தொட்டேன். சரியான இடத்தைக் காட்டினார். மேற்பாதத்தில் தொட்டேன், கொஞ்சம் தள்ளிக் காட்டினார். உள்ளங்காலின் முன்பகுதியில் இழை வளைந்து நின்றது, அவர் அசையவில்லை. இடைவெளி விட்டுப் பெருவிரலில் வைத்தேன். அசைவில்லை. என் கை கூடுதலாக அழுத்தவில்லை. காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கண்ணைத் திறந்து, "ஏம்மா, நிறுத்திட்டியா?" என்றார். இழை அப்போது அவர் சுண்டுவிரலின் அடியில் வளைந்து நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் பேச்சு நின்றுவிட்டது. பாதத்தின் நிலையை நான் சொல்லி அவருக்குப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கண்ணே சொல்லிவிட்டது. உள்ளே மென்மையான ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு போடவும், தினமும் உள்ளங்காலைப் பார்க்கவும் அன்றே ஒப்புக்கொண்டார்.

ஐயா தனியாக அவரை மறுபடி சோதித்து, வேறொரு தாளில் குறித்தார். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டும் ஒண்ணா இருக்கும்மா" என்றார். அவரிடமிருந்து நான் வாங்கிய பாராட்டு அந்த ஒன்றுதான். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்போது என்னிடம் பழக வரும் தம்பி தங்கைகளுக்கு நான் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்: உள்ளே போவதா, வெளியே வருவதா? 2022 முதல் கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அங்கே படிப்பவர்களுக்கும், மற்ற ஊர்களில் நரம்பைக் கற்பவர்களுக்கும் என் வேண்டுகோள்: சொல்லின் திசையை நோயாளியின் பாதத்தில் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு மறக்காது.

படிக்கும் உங்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கரை நோய் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறையாவது பாதத்தின் உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளுங்கள். இரவில் படுக்கும் முன் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். எட்டாவிட்டால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தோலில் உணர்ச்சியில்லாத தேமல் தெரிந்தால் மறைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோய்க்கு அங்கே கூட்டு மருந்து இலவசம். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் நோய் முழுமையாகக் குணமாகும். செத்துப்போன நரம்பை மருந்து திருப்பித் தராது. அதனால் சீக்கிரம் போங்கள்.